இடது பக்கத் தையல்

வலது கை உள்ளே போகவில்லை.

சின்னவள் உடுப்பின் கைப்பகுதியை விரித்துப் பிடித்திருந்தாள். உடம்பு கழுவித் தருகிற அம்மாள் அக்காவின் முழங்கையை மடக்கப் பார்த்தாள். அது அசையவில்லை. இருபது வருடமாக எத்தனையோ பேர் மேடையில் முறுக்கிய கை. எந்தப் பக்கம் முறுக்குவது, எப்போது மடங்குவது என்று முன்னாலேயே பேசி வைத்திருப்பார்கள். இன்று யாரும் எதையும் பேசி வைக்கவில்லை.

"ஐஸ்ல ரெண்டு நாள் கிடந்த உடம்பு கண்ணு. நாம சொன்னா கேக்குமா?" என்றாள் அம்மாள். "லூசா ஒரு கவுன் போட்டு அனுப்பிடலாம். ஆம்பளை சைஸ்ல ஒண்ணு இருக்கு."

"இல்லம்மா. இதான் போடணும்."

"துணி நல்லாத்தான் இருக்கு. யாரு தைச்சது?"

"நான்தான்."

பிணவறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை அது. சுவரை ஒட்டி ஒரு தகர மேசை, அதன்மேல் அக்கா. மூலையில் ஒரு குழாய், அடியில் வாளி. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து சின்னவள் மூன்று முறை போய் அதை இறுக்கி மூடிவிட்டாள்.

"வாஷர் போயிடுச்சு, விடு. அது அப்படித்தான்."

சின்னவள் நான்காவது முறையும் போய் மூடினாள். திரும்பி வருவதற்குள் வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

அம்மாள் அக்காவின் தோளைத் துடைத்தாள். காது மடல்கள் இரண்டும் கசங்கிக் கட்டிதட்டியிருந்தன. காறை எலும்பு ஒடிந்து சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சு. முட்டியில் பழைய தையல்கள்.

"புருஷன் போட்டு அடிப்பானோ?"

"புருஷனே இல்ல. இதெல்லாம் வேலையில பட்டது."

"அப்படி என்ன வேலை?"

"குஸ்தி. டிக்கெட் வெச்சு நடக்குமே, அந்தக் குஸ்தி."

அம்மாளின் கை நின்றது. முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். "அட, சாகாதவளா? என் பேரன் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கான்." முதுகைத் துடைக்க உடம்பைச் சரித்தவள், இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இருந்த தீக்காயத் தழும்பைப் பார்த்தாள். "இதுவும் வேலையில பட்டதா?"

"அது வேலைக்கு முன்னாடி."

சுவரொட்டிகளில் அக்காவின் பெயர் அதுதான். சாகாதவள். எதிராளி தூக்கிப் போடுவாள். அக்கா விழுந்து பிணம்போலக் கிடப்பாள். நடுவர் எண்ண ஆரம்பிப்பார். பத்து எண்ணுவதற்குள் எழ வேண்டும். அரங்கமே சேர்ந்து எண்ணும். ஆறு, ஏழு. அக்காவின் விரல்கூட அசையாது. எட்டு என்றதும் கண் திறக்கும். இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவள் ஏழில் எழுந்ததில்லை, ஒன்பது வரை போனதுமில்லை. எட்டு என்ற சொல்லைக் கேட்கவே ஜனம் டிக்கெட் வாங்கியது.

பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தால் கோடாலி நின்றாள். தலையில் முக்காடு, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஆனால் கதவு நிலையை முழுக்க அடைக்கிற அந்தத் தோளை எதால் மறைப்பது?

"யாரும் பாக்கலியே, கோடாலிக்கா?"

"ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருத்தன் பாத்தான். போட்டோ எடுத்துக்கலாமான்னான். செருப்பைக் காட்டினேன், போயிட்டான்."

பதினைந்து வருடமாக அக்காவுக்கு மேடையில் ஜென்ம விரோதி கோடாலிதான். அந்தத் தொழிலில் அதற்கு ஒரு விதி உண்டு. எதிரிகள் வெளியில் ஒன்றாகத் தென்படக் கூடாது. ஒரே வண்டியில் ஏறக் கூடாது, ஒரே கடையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. யாராவது ஒரு ரசிகன் பார்த்துவிட்டால் இரண்டு பேர் பிழைப்பும் போச்சு. அதனால் கோடாலி அவர்கள் வீட்டுக்கு எப்போதும் பின்படிக்கட்டு வழியாகத்தான் வருவாள். வாரத்தில் நாலு நாள் வருவாள். அக்காவின் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். இருவரும் சமையலறைத் தரையில் சாக்பீஸால் சதுரம் போட்டு, அடுத்த மேட்சில் யார் எங்கே விழுவது என்று சண்டை பிடிப்பார்கள். மேடையில் போட்டதைவிட அது நிஜமான சண்டை.

கோடாலி கண்ணாடியைக் கழற்றினாள். மேசை அருகே போனாள். தொடவில்லை.

"இளைச்ச மாதிரி இருக்காளே," என்றாள்.



சின்னவளின் போன் அடித்தது. முதலாளி. குஸ்தி கம்பெனியை நடத்துகிறவர். மூன்று நாளாக அழுதுகொண்டே ஏற்பாடு செய்கிறார். ஏற்பாடு செய்துகொண்டே அழுகிறார். பத்து மணிக்கு உடம்பை அரங்கத்தில் வைக்க வேண்டும், ஜனம் இப்போதே வரிசையில் நிற்கிறது, அவள் ஜெயித்த சாம்பியன் பெல்ட்டைக் கொண்டுவந்துவிட்டார்களா என்றார். "அப்புறம் ஒண்ணு, சின்னவளே. எல்லாரும் சேர்ந்து ஒருதரம் எண்ணலாம்னு பசங்க சொல்றானுங்க. எட்டு வரைக்கும். அதோட மணி அடிச்சிடலாம். பிரமாதமா இருக்கும்."

"எண்ண வேண்டாம் சார்."

"அவளுக்கு மரியாதைம்மா அது."

"யாராவது எண்ணினா நான் உடம்பைத் திருப்பி எடுத்துட்டு வந்துடுவேன்."

முதலாளி, சரிம்மா, சரிம்மா என்றார்.

போனை வைத்தபோது அம்மாள் கை கழுவிக்கொண்டிருந்தாள். "இந்த உடுப்புதான் வேணும்னா ஒரே வழிதான். ஒரு பக்கத் தையலை மேலேருந்து கீழ வரைக்கும் பிரி. சுத்திப் போட்டுட்டு அப்படியே கையால தைச்சிடலாம். நாங்க எல்லாருக்கும் அப்படித்தான் செய்யறது. பாக்கறவங்களுக்குத் தெரியாது." துண்டால் கையைத் துடைத்தாள். "நான் போய்க் கையெழுத்துப் பேப்பரை வாங்கிட்டு வரேன். வலது பக்கமே பிரிச்சிடு. இடது பக்கம் சுவரு, கை போகாது."

கதவு மூடியது. குழாய் சொட்டியது.

சின்னவள் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பாதி பிளேடை எடுத்தாள். உடுப்பை மடியில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். இழுத்தால் நீளும் கறுப்பு லைக்ராத் துணி, பக்கவாட்டில் வெள்ளிப் பட்டை. ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்காகத் தைத்தது. அதுதான் கடைசி மேட்ச் என்று அக்கா சொல்லியிருந்தாள். அதற்கப்புறம் ஒரு மாதம் தூங்கப் போகிறேன், யாராவது எழுப்பினால் கொலை விழும் என்றும் சொல்லியிருந்தாள்.

"சின்னது," என்றாள் கோடாலி. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீ என்ன பண்ணினாலும் சரி. அந்த பிளேடாலயே கீறினாலும் சரி."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போன மேட்ச். பதினாறு நாளாச்சு. நான் தூக்கிப் போட்டேனே, அது சரியா விழல. என் கை வழுக்கிடுச்சு. அவ மோவாயை நெஞ்சோட ஒட்ட வெக்கறதுக்குள்ள தலை போய்த் தரையில மோதிடுச்சு. சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு. நான் மேல விழுந்து அமுக்கற மாதிரி அவ கையைப் பிடிச்சு ரெண்டு தரம் அமுக்கினேன். திருப்பி அமுக்கவே இல்ல."

அது அவர்களுக்குள் இருந்த சைகை. இரண்டு அமுக்கு என்றால், நன்றாக இருக்கிறாயா? பதிலுக்கு இரண்டு அமுக்கு என்றால், நன்றாக இருக்கிறேன், இது நடிப்புதான்.

"அதுக்குள்ள ஜனம் எண்ண ஆரம்பிச்சிடுச்சு. எட்டுன்னதும் எந்திரிச்சிட்டா. எல்லாம் வழக்கம்போல. உள்ள போயி வாந்தி எடுத்தா. என்னடின்னா, சாப்பாடு ஒத்துக்கலங்கறா. உன்கிட்டயும் நடிச்சேன்டி, பயந்துட்டியாங்கறா. சின்னதுகிட்ட மூச்சு விட்டே, ஞாயித்துக்கிழமை உன்னை நிஜமாவே போட்டுருவேன்னா." கோடாலி மூக்கை முக்காட்டால் துடைத்தாள். "நான்தான்டி கொன்னுட்டேன் அவளை."

அவள் அழவில்லை. மேடையில் அழச் சொன்னால் ஆறாக அழுகிறவள்.

சின்னவள் தலையை ஆட்டினால் போதும். முகத்தைத் திருப்பிக்கொண்டால்கூடப் போதும். கோடாலி மிச்ச வாழ்நாள் முழுக்க இதைத் தூக்கிக்கொண்டு போவாள், தூக்குகிற தோள்தான். மருத்துவமனையில் டாக்டர் கேட்டபோதும் சின்னவள் அப்படித்தான் தப்பித்தாள். தலைக்குள்ளே பழைய கசிவு ஒன்று இருந்திருக்கிறது, அது அன்றைக்கு உடைந்திருக்கிறது என்றார் டாக்டர். விழுந்து எவ்வளவு நேரம் கழித்துத் தூக்கினீர்கள் என்று கேட்டார். உடனே தூக்கிட்டோம் என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அவள் எழுந்தாள். தகர மேசையின் காலில் முட்டுக் கொடுத்துத் தள்ளினாள். அது அசையவில்லை.

"என்ன பண்றே?"

"சுவத்துலேருந்து நகத்தணும். பிடிங்க."

"வலது பக்கம்தானே பிரிக்கச் சொன்னாங்க?"

"இடது பக்கம்தான் பிரிக்கப் போறேன்."

"ஏன்?"

சின்னவள் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அம்மா போய்விட்டாள், செத்துப் போகவில்லை, போய்விட்டாள். அப்பா அடிப்பதற்குக் காரணம் தேடுகிற ஆள் இல்லை. ஒருநாள் அக்கா அடி தாங்காமல் விழுந்து எழாமல் கிடந்தபோது அவர் கை நின்றது. அக்காவுக்கு அப்போது பத்து வயது. அடுத்த முறை அடி விழுவதற்கு முன்பே அவள் விழுந்தாள். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கையால் தரையை ஓங்கி அறைந்து. சத்தம் பெரிது, வலி சின்னது. அப்பா காலால் நெம்புவார். "நடிக்காத, எந்திரி" என்பார். அக்கா மூச்சுக்கூட விடமாட்டாள். அவர் சலித்துப்போய் வெளியே போவார். பிறகு கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்னவளைத் தேடி ஒரு கை தரையோடு ஊர்ந்து வரும். விரல்களைப் பிடிக்கும். இரண்டு அமுக்கு.

பதினேழு வயதில் அக்கா தங்கையைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். குஸ்தி அரங்கத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. ஒருநாள் அங்கே பயிற்சி கொடுக்கிறவர், விளையாட்டுக்கு, மேடையில் ஏறி விழுந்து காட்டச் சொன்னார். விழுந்தாள். அவர், இதை மற்றவர்களுக்கு உருட்டி உருட்டிச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆறு மாசம் ஆகும், உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். "வீட்டுலதான்" என்றாள் அக்கா.

அப்பா செத்தபோது இருவரும் போனார்கள். அக்கா குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். சுற்றி நின்றவர்கள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற சின்னவளுக்குத்தான் கேட்டது. "நடிக்காத, எந்திரி." படிக்கட்டில் போய் உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அது வீட்டு வேடிக்கையாகிவிட்டது. யார் அதிகம் தூங்கினாலும், யார் காய்ச்சல் என்று படுத்தாலும் அதுதான் பேச்சு.

"கோடாலிக்கா," என்றாள் சின்னவள். "இந்த வலது பக்கம் அவ போறதுக்கு முந்தின நாள் சாயந்திரமே தைச்சது. இடது பக்கம் அன்னிக்குக் காலையில."

கோடாலி உடுப்பைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"நான் மெஷின்ல உக்காந்திருந்தேன். அக்குள்ள ஊசி இறக்கினேன், சமையலறையில சத்தம் கேட்டுது. எட்டிப் பாத்தா காலு தெரியுது. குழாய் ஓடுது. அவ எப்பவும் அங்கதானே படுப்பா, முதுகுக்கு. என்னைப் பயமுறுத்தறதுக்கும் படுப்பா. உங்களுக்குத் தெரியும்."

"ம்."

"நடிக்காத, எந்திரின்னேன். குழாயை மூடிட்டுப் படுன்னேன். அசையல. சரின்னு எண்ணினேன். தைச்சுகிட்டே எண்ணினேன், ஜனம் எண்ணுமே அந்த மாதிரி ராகம் போட்டு. எட்டு வரைக்கும் எண்ணினேன்."

குழாய் சொட்டியது.

"அப்புறம்?"

"எட்டுக்கும் எந்திரிக்கல. சரி, படுத்துக்கோன்னு சொல்லிட்டு..." சின்னவள் உடுப்பின் இடது பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். அக்குளில் விரலை வைத்தாள். "இங்கேருந்து." விரல் வெள்ளிப் பட்டையோடு இறங்கியது. விலா, இடுப்பு, தொடை, முழங்கால். நடுவில் பாபின் நூல் தீர்ந்து மறுபடி சுற்றிப் போட்ட இடத்தில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. விரல் அதன்மேல் ஏறி இறங்கி, கணுக்காலில் போய் நின்றது. "இது வரைக்கும்."

கோடாலி அந்தத் தையலையே பார்த்தாள். பிறகு தன் பெருவிரலால் அதை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினாள். முடிச்சுக்கு வந்ததும் விரல் நின்றது.

"சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றாள் சின்னவள். "அவ விழுந்தா கை தரையில அறையும். அன்னிக்கு அறையவே இல்ல."

கோடாலி தையலிலிருந்து விரலை எடுத்தாள். உன் தப்பு இல்லை என்று சொல்லவில்லை. என் தப்பும் இல்லையா என்று கேட்கவும் இல்லை. மேசையின் அடுத்த முனைக்குப் போனாள். குனிந்து பிடித்தாள்.

"மூணு சொல்றேன், இழு," என்றாள். பிறகு, "எண்ண வேண்டாம். இழு" என்றாள்.

மேசை கீச்சென்று சுவரை விட்டு நகர்ந்தது.

இருவரும் உடுப்பை ஆளுக்கொரு முனையாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். சின்னவள் பிளேடு முனையால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தாள். நல்ல தையல். ஜிக்ஜாக், மேலே இன்னொரு ஓட்டம். எவ்வளவு இழுத்தாலும் விடாது என்று அக்காவிடம் பெருமை அடித்துக்கொண்ட தையல். நூல் துணுக்குகள் தரையில் உதிர்ந்தன. அறுத்த இடத்தில் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. சாதாரணத் துணி என்றால் விரலால் தேய்த்தால் மூடிக்கொள்ளும். இந்தத் துணியில் மூடாது.

அம்மாள் பேப்பரோடு வந்தாள். மேசை இடம் மாறியிருப்பதைப் பார்த்தாள். கோடாலியை மேலும் கீழும் பார்த்தாள். "நீ அந்த இன்னொருத்தி இல்ல? அவளைப் போட்டு மிதிப்பியே?"

"ஆமாம்மா. நான்தான்."

"என் பேரனுக்கு உன்னைக் கண்டாலே ஆகாது."

"நல்ல பையன்," என்றாள் கோடாலி.

மூன்று பேரும் சேர்ந்து உடுத்தினார்கள். இப்போது வலது கை போயிற்று. கால்கள் போயின. கழுத்தைத் தூக்க கோடாலி தன் முழங்கையை அடியில் கொடுத்தாள். தலை பின்னால் சரியாமல், மோவாய் நெஞ்சைத் தொடுகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். அவ்வளவு கவனமாக அவள் யாரையும் பிடித்து சின்னவள் பார்த்ததில்லை. இடது கையைத் திறந்த துணிக்குள் வைத்துச் சுற்றினார்கள். கோடாலி அந்த உள்ளங்கையைத் தன் கைக்குள் வைத்திருந்தாள். விரல்கள் அவளையறியாமல் அமுக்கின. இரண்டு முறை.

செய்துவிட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. கையை எடுக்கவில்லை. சின்னவளும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவளும் நின்றாள்.

வெளியே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"பத்தாகப் போகுது," என்றாள் அம்மாள், மெதுவாக.

சின்னவள் ஊசியில் கறுப்பு நூல் கோத்தாள். பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு இறுக்கினால் கோணாமல் வரும். அக்குளில் ஆரம்பித்தாள். கோடாலி துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தபடி கூடவே கீழே நகர்ந்தாள். ஹாரன் இன்னொரு முறை அடித்தது. யாரும் திரும்பவில்லை.

விலாவுக்கு வந்தபோது துணி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. சின்னவள் இடது கையின் ஆள்காட்டி விரலைத் துணிக்கு அடியில் நுழைத்தாள். ஊசி அந்தப் பக்கம் இறங்கும்போது அக்காவின் மேல் குத்திவிடாமல், விரலை நடுவே வைத்துக்கொண்டு தைத்தாள்.